வில்லாளரும் வெள்ளெழுத்தும்

நாற்பது வயதைக் கடந்த ஒருவர் கடிதம் ஒன்றைக் கையில் எடுக்கிறார். அதைச் சிறிது சிறிதாகக் கண்ணைவிட்டு அகற்றிக்கொண்டே போய், கை நீண்டு முடியும் இடத்தில்தான் படிக்கத் தொடங்குகிறார். இக்காட்சியை நாம் நாள்தோறும் காண்கிறோம். எழுத்து வெளுத்துத் தெரிவதால் இதற்கு வெள்ளெழுத்து என்ற பெயர் வழங்குகிறது. நாற்பது என்னும் எண்ணைக் குறிக்கும் வடநாட்டுச் சொல்லை ஒட்டிச் சாளேசரம் என்றும் மக்கள் சொல்வர். வயது பெயரிலேயே இருக்கிறது. இது நோய் அன்று. தலை நரைப்பதைப் போல ஒவ்வொருவருக்கும் வந்தே தீரும் மாற்றம்.

கடிதத்தைத் தள்ளிப் பிடிக்கலாம். தள்ளிப் பிடிக்க இயலாத பொருளைக் கொண்டு வேலை செய்பவர் யாது செய்வார்? வில்லாளர் அத்தகையவர். அவருடைய குறிமுனை, நீட்டிய கையின் நுனியில், வில்லோடு பிணைந்து நிற்கிறது. அதை அருகே கொணரவும் இயலாது, அகற்றவும் இயலாது. இலக்கோ எழுபது மீட்டருக்கு அப்பால் இருக்கிறது. இரண்டையும் ஒருங்கே தெளிவாகக் காண வேண்டும் என்று முயன்று, இயலாமல் சலித்து, "கண் போய்விட்டது, இனி வில் எதற்கு?" என்று வில்லைச் சுவரில் மாட்டிவிடுவோர் பலர். அம்முடிவு தவறானது என்பது என் கருத்து. அத்தவறு வில்லாளரோடு நிற்பதில்லை. நம் களப்பணியாளரையும் ஆசிரியரையும் தொடுகிறது என்பதையும் இங்கே எடுத்துரைக்க விரும்புகிறேன்.

பாலாற்றங்கரையில்

மேட்டூரிலிருந்து கொளத்தூர் வழியாக மாதேசுவர மலைக்குச் செல்லும் சாலை பாலாற்றைத் தாண்டும் இடத்தில் தமிழ்நாடு முடிந்து கருநாடகம் தொடங்குகிறது. வேலூர்ப் பக்கத்தில் ஓடும் பெரிய பாலாறு அன்று இது. மேட்டூர் நீர்த்தேக்கத்தின் மேற்புறத்தில் காவிரியோடு கலக்கும் காட்டாறு. அக்கரைப் பகுதி முன்பு அடங்கியிருந்த கொள்ளேகால் வட்டம் 1956 நவம்பர் 1-ஆம் நாள் வரை கோயமுத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. பின்னர் மைசூர் மாவட்டத்தோடு இணைந்தது. 1997 முதல் சாமராசநகர் மாவட்டத்தில் இருக்கிறது. அங்குள்ள மலைக்காடு 2013-இல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

அச்சாலையில் பல ஆண்டுகள் சென்று வந்த பள்ளி ஆசிரியன் நான். விடுமுறை நாட்களில் வில் பழகுவது என் வழக்கம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் காட்டில் வில்லுக்கு வேலை இல்லை. வைக்கோல் பலகையில் ஒட்டிய வட்டக் காகிதமே எங்கள் இலக்கு. நாற்பத்தேழாம் வயதில், ஒரு மாலை, என் குறிமுனை மயிர் முளைத்தாற்போல் மங்கித் தெரிந்தது. அதைக் கூர்ந்து நோக்கினால் இலக்கு கலங்கியது. இலக்கை நோக்கினால் முனை கலங்கியது. அம்புகள் சிதறின. முதலில் நாணை மாற்றினேன். பிறகு புதிய அம்புகள் வாங்கினேன். பின்னர் பலநோக்கு மூக்குக்கண்ணாடி ஒன்றை விலை கொடுத்து வாங்கினேன். அதனால் நிலைமை முன்னிலும் கெட்டது. இறுதியாக, குற்றம் வில்லிலும் இல்லை, கண்ணிலும் இல்லை, நான் கண்ணிடம் கேட்ட கேள்வியில்தான் இருந்தது என்று உணர ஈராண்டுகள் ஆயின.

அதே காலத்தில் பாலாற்றில் ஒரு வனக்காவலரைக் கண்டேன். எதிர்க்கரைச் சரிவில் மரங்களுக்கிடையே நின்ற யானைகளை அந்தி மயங்கும் வேளையில் அவர் எண்ணிச் சொன்னார். எங்களில் இளையோர் எவருக்கும் அவை தெரியவில்லை. ஆயின், அவ்வெண்ணைப் பதிவேட்டில் எழுதும் முறை வந்தபோது, ஏட்டை அருகிலிருந்த இளைஞரிடம் நீட்டினார். "எழுத்து வேலை தம்பிக்கு" என்று சிரித்தார். அச்சிரிப்பில் ஒரு மறைப்பு இருந்ததை நான் அறிவேன். வகுப்பில் வருகைப் பதிவேட்டை மாணவர் தலைவனிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னபோது நானும் அப்படித்தான் சிரித்தேன்.

கண்ணில் நிகழ்வது யாது?

கண்ணின் உள்ளே கண்மணிக்குப் பின்னால் ஒரு தெளிந்த லென்ஸ் இருக்கிறது. (தமிழில் இதனை வில்லை என்பர்; வில்லைப் பற்றிய கட்டுரையில் அச்சொல் இரு பொருள் தந்து மயக்குமாதலால் லென்ஸ் என்றே வழங்குவோம்.) அதைச் சுற்றியுள்ள சிலியரித் தசை சுருங்கும்போது, லென்ஸைப் பிடித்திருக்கும் மெல்லிய நார்கள் தளர்கின்றன, லென்ஸ் தடித்து, அருகிலுள்ள பொருள் தெளிகிறது. தசை ஓய்ந்தால் லென்ஸ் தட்டையாகித் தொலைவு தெளிகிறது. இவ்விளக்கத்தை 1855-இல் செருமானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் அளித்தார்.

இந்த லென்ஸ் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். அடுக்கின்மேல் அடுக்காக நார்கள் சேர்வதால் அது வயதோடு இறுகுகிறது. தசை இழுத்தாலும் தளர்ந்தாலும் லென்ஸின் வடிவம் முன்போல் மாறுவதில்லை. ஒரு மீட்டர் தொலைவிலுள்ள பொருளைத் தெளிவாக்க 1 டயாப்டர் ஆற்றல் வேண்டும், 40 செ.மீ. தொலைவிலுள்ள புத்தகத்துக்கு 2.5 டயாப்டர் வேண்டும். பத்து வயதுச் சிறுவனிடம் பன்னிரண்டு டயாப்டர் அளவுக்கு இவ்வாற்றல் இருக்கிறது. நாற்பதில் ஐந்து, ஆறு. ஐம்பதில் ஏறத்தாழ இரண்டு. அறுபதில் ஒன்று அல்லது அதற்கும் குறைவு. இருப்பதில் பாதியைத்தான் களைப்பின்றி நெடுநேரம் செலவிடலாம் என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இனி வில்லாளரின் கணக்கைப் பார்ப்போம். கண்ணுக்கும் குறிமுனைக்கும் உள்ள தூரம் ஆளுக்கு ஆள் மாறும், 85 செ.மீ. என்று கொள்வோம். முனை தெளிய ஏறத்தாழ 1.2 டயாப்டர் தேவை. 70 மீட்டருக்கு அப்பாலுள்ள இலக்குக்கோ நூற்றில் ஒன்றரைப் பங்கு டயாப்டர் போதும். அதாவது ஒன்றுமே தேவையில்லை எனலாம். ஐம்பது வயதுக் கண் 1.2 டயாப்டரை முயன்று தரும். ஆனால் ஒவ்வோர் அம்புக்கும், நாள் முழுவதும், தரமாட்டாது. மாலையில் என் அம்புகள் சிதறியதன் காரணம் இதுவே.

இளங்கண்ணும் இரண்டையும் காண்பதில்லை

இங்கே ஆசிரியர்களுக்கு ஒரு சிறு சோதனையைச் சொல்ல விரும்புகிறேன். கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் ஒரு சிலுவைக் குறி இடுக. ஆறு மீட்டர் தள்ளி ஒரு மாணவனை நிறுத்தி, பென்சில் ஒன்றைக் கையை நீட்டிப் பிடிக்கச் செய்து, ஒரு கண்ணை மூடி, பென்சில் நுனியைச் சிலுவையின்மேல் பொருத்தச் சொல்க. "இரண்டும் தெளிவாகத் தெரிகின்றனவா?" என்று கேட்டால் தெரிகின்றன என்பான். "ஒரே கணத்திலா?" என்று மீண்டும் கேட்க. அவன் சற்று நேரம் நோக்கிவிட்டு, இல்லை என்று ஒப்புக்கொள்வான்.

பதினாறு வயதுக் கண்ணும் இரண்டு தூரங்களை ஒரே கணத்தில் கூர்மையாகக் காண்பதில்லை. அது முனைக்கும் இலக்குக்கும் இடையே விரைந்து ஓடி ஓடி வருகிறது. அவ்வோட்டத்தை அதற்கு உரியவனே அறியான். வயது நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டது இவ்வோட்டத்தை மட்டுமே. இரண்டையும் ஒருங்கே காணும் ஆற்றல் நமக்கு என்றுமே இருந்ததில்லை. இல்லாததை இழந்துவிட்டதாக வருந்துகிறோம்.

பாரதக் கதையில் துரோணர், மரத்தின்மேல் வைத்த பறவையைக் காட்டி, என்ன தெரிகிறது என்று சீடர்களைக் கேட்டதை நாம் அனைவரும் வகுப்பில் சொல்லியிருக்கிறோம். மற்றவர்கள் மரத்தையும் கிளையையும் சொன்னார்கள். அர்ச்சுனன் ஒன்றை மட்டும் சொன்னான். அக்கதையை மன ஒருமைப்பாட்டுக்கு உவமையாகக் காட்டுவது வழக்கம். ஐம்பது வயது வில்லாளருக்கு அது கண்ணியல் பாடமும் ஆகும். ஒன்றைத் தேர்ந்துகொள்; மற்றது மங்கட்டும்.

மங்கல் வேறு, பிழை வேறு

எதை மங்கவிடுவது என்பது அடுத்த கேள்வி. என் விடை: இலக்கைத் தெளிவாக வைத்துக்கொள்க, முனையை மங்கவிடுக. தொலைவைக் காண வயதான கண்ணுக்கு முயற்சி தேவையில்லை என்பது ஒரு காரணம். மற்றொரு காரணம், மங்கல் என்பது பிழை அன்று என்பதாகும்.

கண் தொலைவில் பதிந்திருக்கும்போது, கைநுனியிலுள்ள பொருளின் ஓரம் எவ்வளவு அகலத்துக்குப் புகைந்து தெரியும்? கணக்கு எளிது. தொலைவிலுள்ள ஒரு புள்ளியிலிருந்து கண்மணிக்குள் நுழையும் ஒளிக்கற்றை, முனை நிற்கும் இடத்தில் ஏறத்தாழக் கண்மணியின் அகலமே இருக்கும். ஆகவே கண்மணி 3 மி.மீ. விரிந்திருந்தால் புகைச்சலும் 3 மி.மீ. ஆகும். இனி, 122 செ.மீ. அகலமுள்ள இலக்குத்தாள் 70 மீட்டரில் நிற்கும்போது, 85 செ.மீ. தொலைவிலுள்ள குறிமுனையின் தளத்தில் அது 15 மி.மீ. அகலமாகவே தோன்றும். நடுவிலுள்ள மஞ்சள் வட்டம் 3 மி.மீ. மட்டுமே. ஆதலால் சிறு முனை ஒன்றைப் பயன்படுத்தினால் அதன் புகைச்சல் மஞ்சள் முழுவதையும் மூடிவிடும். முனைக்குப் பதிலாக ஒரு வளையத்தைப் பொருத்தினால் நிலைமை மாறுகிறது. வளையத்தின் ஓரம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் புகைவதால், அதன் நடு எங்கே என்பது மாறுவதில்லை. புகைந்த வளையத்தின் நடுவே தெளிந்த மஞ்சளை அமர்த்துவது கண்ணுக்கு இயல்பான வேலை. வட்டத்துக்குள் வட்டத்தை நடுவாக வைப்பதில் கண் மிகவும் தேர்ந்தது.

இதற்கு ஒரு புகழ்பெற்ற சான்று உண்டு. தென் கொரியாவின் இம் டோங்-ஹியுன் என்னும் வில்வீரரின் ஒரு கண்ணின் பார்வை 6/60 என்றும், மற்றதன் பார்வை 6/30 என்றும் அளவிடப்பட்டிருந்தது. 2012 சூலை 27-ஆம் நாள் லண்டன் ஒலிம்பிக் தகுதிச் சுற்றில், 72 அம்புகளில் 720-க்கு 699 எண்கள் பெற்று, அவர் அன்றைய உலகச் சாதனையை நிகழ்த்தினார். 2016 வரை அது நிலைத்தது. 6/30 பார்வைக்கு 70 மீட்டரில் ஏறத்தாழ 10 செ.மீ.க்குக் குறைந்த நுட்பம் புலப்படாது. வளையக் கோடுகள் அவருக்குக் கலந்து மறையலாம். ஆனால் மஞ்சள் பரப்பு 24 செ.மீ. அகலமுடையது. அதன் நிறமும் நடுவும் மறைவதில்லை. அவருடைய குறை வெள்ளெழுத்து அன்று. கண்ணாடி அணியாத அவர் வழக்கத்தை நாம் பின்பற்றவும் வேண்டியதில்லை. ஆயினும், சீரான மங்கல் குறியைக் கெடுப்பதில்லை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட இயலாது.

சீரான மங்கல் என்று சொன்னதைக் கவனிக்க. கருவிழியின் வளைவு ஒரு பக்கம் மிகுந்தும் ஒரு பக்கம் குறைந்தும் இருந்தால், புள்ளி கோடாக நீளும். நடு எது என்பதே ஐயமாகும். அக்குறையைக் கண்ணாடியால் திருத்தியே ஆக வேண்டும்.

கண்ணாடியும் துளையும்

கண்ணாடி வாங்குவதில் மூன்று தவறுகள் நேர்கின்றன.

முதலாவது, படிக்கும் கண்ணாடியோடு வில்லெடுப்பது. அது புத்தகத்தின் தூரத்துக்கு அமைந்தது. அதை அணிந்தால் முனையும் முழுத் தெளிவு பெறாது, இலக்கும் கெடும்.

இரண்டாவது, நான் செய்த தவறு. வலக்கை வில்லாளர் முகத்தை இடத்தோளின் பக்கம் திருப்பி, வலக்கண்ணின் மூக்கோரமாக நோக்குகிறார். பலநோக்குக் கண்ணாடியின் ஓரப்பகுதிகளில் உருவம் நெளியும். இருநோக்குக் கண்ணாடியில் கீழ்ப்பகுதி குறுக்கிடும். நேராக அமர்ந்து படிப்பவருக்கு நன்மை செய்யும் கண்ணாடி, தலைதிருப்பி நோக்குபவருக்குத் தீங்கு செய்கிறது. தொலைவுக்கு மட்டும் அமைந்த ஒருநோக்குக் கண்ணாடியே வில்லுக்கு ஏற்றது. கண்ணாடி அளப்பவர் முன் வில் பிடிக்கும் நிலையில் நின்று காட்டி, பார்வை லென்ஸின் எவ்விடத்தின் வழியே செல்கிறது என்று குறிக்கச் செய்வது நலம். அகன்ற லென்ஸும், மூக்கின் மேல் தடையில்லாத சட்டமும் வேண்டும்.

மூன்றாவது, "தூரம் எனக்கு நன்றாகத் தெரியும்" என்று தொலைவுப் பார்வையைச் சோதிக்காமலே விடுவது. இளமையில் சிறிதளவு தூரப்பார்வைக் குறை இருந்தால் லென்ஸின் ஆற்றல் அதை மறைத்துவிடும். நாற்பதுக்குப் பின் அந்த மறைப்பு நீங்கி, தொலைவும் மெல்ல மங்கும். இலக்கே தெளியாவிட்டால் மேற்சொன்ன உபாயங்கள் பயன்படா.

அடுத்தது துளை. ஓர் அட்டையில் ஊசியால் துளையிட்டு அதன் வழியே நோக்கினால், கண்ணாடியில்லாமலே சிற்றெழுத்து தெரிவதை மாணவர்க்குக் காட்டலாம். ஒளிக்கற்றை ஒடுங்குவதால் புகைச்சல் ஒடுங்குகிறது, 1 மி.மீ. துளையில் முனையின் புகைச்சல் 3 மி.மீ.யிலிருந்து ஒன்றாகக் குறையும். கூட்டுவில்லில் நாணிலேயே துளை பொருத்தவும், குறியில் லென்ஸ் வைக்கவும் உலக வில்வித்தைக் கூட்டமைப்பின் விதிகள் இடந்தருகின்றன. அதனால் வயதானோர்க்குக் கூட்டுவில் இசைவானது. பின்வளைவு வில்லில் இவ்விரண்டும் இல்லை; மூக்குக்கண்ணாடி அணியலாம், ஆனால் நுண்துளையிட்ட கண்ணாடிக்கு விலக்கு உண்டு. குறி பார்க்காத கண்ணை மூடி மறைக்கலாம்.

துளைக்கு ஒரு விலை உண்டு. அது ஒளியைக் குறைக்கிறது. வயதோடு கண்மணி சுருங்கி லென்ஸ் மஞ்சளிப்பதால், அறுபது வயதுக் கண்ணின் விழித்திரையை எட்டும் ஒளி, இருபது வயதுக் கண்ணில் எட்டுவதில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே. ஆகவே முதியவர்கள் காலை ஒளியில் பழகுதல் வேண்டும். மரநிழலிலும் மாலையிலும் துளையைப் பெரிதாக்க வேண்டும். கூசும் ஒளியைத் தடுக்கத் தொப்பி அணிய வேண்டும்.

கன்னம் செய்யும் உதவி

கண்ணைப் பற்றியே பேசுவது வில்லாளரின் வழக்கம். கணக்கு வேறு கதை சொல்கிறது. குறிமுனை 1 மி.மீ. பிசகினால் 70 மீட்டரில் அம்பு 8 செ.மீ. பிசகும். நாணை இழுத்த கை, தாடையில் அமரும் இடத்தில் 1 மி.மீ. மாறினாலும் விளைவு அதைவிடக் குறைவன்று. 8 செ.மீ. என்பது பத்தாம் எண் வட்டத்தின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு. தாடையைத் தொடும் நாண், உதட்டைத் தொடும் நாண், கழுத்தோரத்தில் படியும் கட்டைவிரல் ஆகியவை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் அமர்ந்தால், கண்ணின் பிழையைவிடப் பெரிய பிழை ஒன்று நீங்கிவிடும். அதற்கு வெள்ளெழுத்து தடையில்லை. தொடு உணர்ச்சியும் பழக்கமும் பல்லாண்டுப் பயிற்சியின் சேமிப்பு. அதில் முதியவரே செல்வர்.

வரலாறும் இதற்குத் துணை நிற்கிறது. 1908-இல் லண்டன் ஒலிம்பிக்கில் பெண்களுக்கான வில்வித்தையில் தங்கம் வென்ற குவீனி நியூவெல் அம்மையாருக்கு வயது 53. சப்பானின் ஹிரோஷி யமமோட்டோ 1984-இல் லாஸ் ஏஞ்சலிஸில் வெண்கலம் பெற்றார்; இருபதாண்டு கழித்து, 2004-இல் ஏதென்ஸில், தம் 41-ஆம் வயதில், வெள்ளி பெற்றார். அப்போது அவர் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் என்பது நம் வாசகர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தியாகும். உலகக் கூட்டமைப்பும் ஐம்பது வயதுக்கு மேற்பட்டோர்க்குத் தனிப் பிரிவு வைத்து, பின்வளைவு வில்லுக்கான தூரத்தை 60 மீட்டராகக் குறைத்திருக்கிறது. நம் மாவட்டப் போட்டிகளிலும் அத்தகைய பிரிவு வேண்டும். முதியவருக்குச் சலுகை தருவதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை; களத்தில் முதியவர் நின்றால்தான் இளையோர்க்குக் கற்பிக்க ஆள் இருப்பர்.

களப்பணியாளர் கண்

வில்லாளரின் சிக்கல் அவருக்கே உரியது என்று எண்ண வேண்டா. நில அளவையிலும் வனப்பணியிலும் வழங்கும் பட்டகக் காம்பசை நோக்குக. தொலைவிலுள்ள மரத்தையும், கண்ணருகேயுள்ள அளவுகோலின் எண்ணையும் ஒரே கணத்தில் காண வேண்டிய கருவி அது. பட்டகத்தை மேலும் கீழும் நகர்த்தி எண்ணைத் தம் கண்ணுக்கு ஏற்பத் தெளிவாக்கிக்கொள்ளலாம் என்பதைப் பலர் அறியார். இளமையில் அதற்குத் தேவையே இல்லாதிருந்தது. ஐம்பதில், எண் மங்கியதும், உத்தேசமாக எழுதிவிடுகின்றனர். கைப்பேசித் திரையில் தெரியும் இடக்குறிப்பு எண்களுக்கும் இதே கதி. ஒரு யானைக் கணக்கெடுப்பில் ஏழு ஒன்றாகவும், ஒன்று ஏழாகவும் மாறினால், அதற்கு அக்காவலரின் கவனக்குறைவைக் குற்றம் சொல்வோம். அவர் கண்ணைக் கேட்கமாட்டோம்.

கிட்டப் பார்வைக்குக் கண்ணாடி கிடைக்காமல் உலகில் 82.6 கோடி மக்கள் இடர்ப்படுவதாக உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் தெரிவித்தது. அக்கண்ணாடியால் விளையும் பயனை அளந்த ஆய்வு ஒன்று நம் நாட்டிலேயே நடந்தது. அசாமில், நாற்பதும் அதற்கு மேலும் வயதுடைய 751 தேயிலைத் தொழிலாளர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு உடனே கிட்டப்பார்வைக் கண்ணாடி அளித்தனர். கண்ணாடி பெற்றோரின் வேலைத்திறன் பெறாதோருடையதைவிட 21.7 விழுக்காடு கூடுதலாக உயர்ந்தது என்று 2018-இல் அம்முடிவு வெளியாயிற்று. இலை கிள்ளும் வேலையிலேயே இவ்வளவு வேறுபாடு என்றால், எண் படிக்கும் வேலையில் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே என் முறையீடு இது. நாற்பது வயதைக் கடந்த ஒவ்வொரு களப்பணியாளருக்கும் ஆசிரியருக்கும் ஆண்டுதோறும் நடக்கும் உடற்சோதனையில் மூன்று தூரங்களில் பார்வையை அளக்க வேண்டும்: தொலைவில், புத்தகத்தின் தூரத்தில், கைநீட்டிய தூரத்தில். இன்று பெரும்பாலும் சுவரிலுள்ள எழுத்துப் பலகையோடு சோதனை முடிந்துவிடுகிறது. பாலாற்றுக் காவலர் அப்பலகையைக் கடைசி வரி வரை படித்துவிடுவார். "கண் நன்று" என்று சீட்டும் பெறுவார். ஆனால் அவருடைய அன்றாட வேலையில் பாதி கைநீட்டிய தூரத்தில் இருக்கிறது. கண்ணுக்குக் கண்ணாடி கொடுத்தால் போதாது. வேலையின் தூரத்துக்குக் கண்ணாடி கொடுக்க வேண்டும். சோதனைக்குச் செல்பவரும் தம் வேலைக் கருவியைக் கையோடு எடுத்துச் செல்வது நன்று. அளவுநாடாவால் கண்ணுக்கும் கருவிக்கும் இடையேயுள்ள தூரத்தை அளந்து குறித்துச் செல்வது அதனினும் நன்று.

ஓர் எச்சரிக்கையும் கூற வேண்டும். வெள்ளெழுத்து இரு கண்ணிலும் மெல்ல வருவது. ஒரு கண் மட்டும் விரைந்து மங்கினாலும், நேர்க்கோடு வளைந்து தெரிந்தாலும், ஒளி மின்னுவதுபோல் தோன்றினாலும், ஓரப்பார்வை குறுகினாலும் அது வயதின் இயல்பு அன்று. தாமதியாமல் கண் மருத்துவரை நாட வேண்டும். நீரிழிவு உடையவர்க்குச் சர்க்கரை அளவு ஏறி இறங்கும்போது பார்வையும் மாறும்; அவ்வமயம் கண்ணாடி அளந்தால் பயனில்லை. குறி பார்க்கும் கண்ணில் புரை வளர்ந்தால், மற்றக் கண் தலைமை ஏற்று, அம்பு ஒரு பக்கமாகவே செல்லத் தொடங்கும். இதை அறிய எளிய வழி உண்டு. இரு கைகளையும் நீட்டி, விரல்களுக்கிடையே சிறு இடைவெளி அமைத்து, இரு கண்ணும் திறந்தபடி தொலைவிலுள்ள ஒரு பொருளை அதன் வழியே காண்க. பின் ஒரு கண்ணை மூடுக. பொருள் மறைந்தால், மூடிய கண்ணே தலைமைக் கண்.

இன்றும் நான் வில் பழகுகிறேன். வளையம் மங்கலாகத்தான் தெரிகிறது. மஞ்சள் தெளிவாகத் தெரிகிறது. வருகைப் பதிவேட்டை நானே படிக்கிறேன். சட்டைப்பையிலுள்ள கண்ணாடியை மாணவர் முன் எடுத்து மாட்டிக்கொள்வதில் எனக்கு இப்போது கூச்சம் இல்லை. அக்கூச்சத்தை விடுவது, நாணை மாற்றுவதைவிடவும் புதிய அம்பு வாங்குவதைவிடவும் முதலிற் செய்ய வேண்டிய வேலை என்பதே, ஈராண்டை வீணாக்கிய ஒருவன் தன் உடன்பணியாளர்க்குச் சொல்லக்கூடியது.